விசிலுக்கு அனுமதி உண்டு, பந்துக்கு இல்லை

2024 ஜனவரி 13. கத்தாரின் அல் ரய்யானில் ஆசியக் கோப்பை ஆட்டம். ஒரு பக்கம் சுனில் சேத்ரி தலைமையில் இந்தியா, எதிரே ஆஸ்திரேலியா. முடிவு நமக்குச் சாதகமாக இல்லை: 0–2. அந்தத் தோல்வியைப் பலரும் மறந்திருப்பார்கள். ஆனால் அன்று இருபத்திரண்டு ஆண்களையும் ஒரே விசிலால் ஆட்டிவைத்தவர் யோஷிமி யமஷிதா என்ற ஜப்பானியப் பெண். ஆண்களுக்கான ஆசியக் கோப்பையில் ஒரு பெண் நடுவராக நின்ற முதல் ஆட்டம் அது. கோட்டோரம் கொடி பிடித்த இரண்டு துணை நடுவர்களும் பெண்கள்தான்.

அதற்கும் முன்னால், 2022 டிசம்பர் 1 அன்று, உலகக் கோப்பையில் கோஸ்டா ரிகா – ஜெர்மனி ஆட்டத்தை நடத்தியவர் பிரான்சின் ஸ்டெஃபானி ஃப்ராபார். வானம் இடிந்து விழவில்லை. ஜெர்மனி 4–2 என்று ஜெயித்தும் போட்டியிலிருந்து வெளியேறியது. மறுநாள் பேச்செல்லாம் அதைப் பற்றித்தான்.

இந்த வரிசையில் நம் திண்டுக்கல்லுக்கும் ஒரு பெயர் உண்டு. ரூபா தேவி. தமிழ்நாட்டிலிருந்து ஃபிஃபா நடுவர் பட்டியலுக்குப் போன முதல் பெண். முதலில் கால்பந்து ஆடியவர், பிறகு விசிலைக் கையில் எடுத்தவர். 2016 முதல் சர்வதேச நடுவர்.

நடுவர் வேலை என்றால் சும்மா ஓரமாக நின்று கைகாட்டுவது என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். ஃபிஃபாவின் உடற்தகுதித் தேர்வில் முதலில் 40 மீட்டர் ஓட்டம், ஆறு முறை. ஆண் நடுவர் ஒவ்வொரு முறையும் 6 வினாடிக்குள் முடிக்க வேண்டும், பெண் நடுவருக்கு 6.4 வினாடி. அடுத்தது 75 மீட்டர் ஓட்டமும் 25 மீட்டர் நடையும் மாறி மாறி நாற்பது தடவை. ஆணுக்கு ஓட 15 வினாடி, நடக்க 18. பெண்ணுக்கு 17, 20. கூட்டிப் பார்த்தால் நான்கு கிலோமீட்டர். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: ஆண்கள் ஆட்டத்தை நடத்த விரும்பும் பெண் நடுவர், பெண்களுக்கான சலுகை நேரத்தில் அல்ல, ஆண்களுக்கான நேரத்தில் ஓடிக் காட்ட வேண்டும். ஓடிவிட்டால் இடம் உண்டு. ‘பெண்ணாயிற்றே’ என்று அதற்குப் பிறகு யாரும் கேட்பதில்லை.

ஆனால் கால்பந்து வீராங்கனைக்கு அந்தத் தேர்வே கிடையாது. ஆண்களின் தொழில்முறை ஆட்டத்தில் மஞ்சள் அட்டை காட்ட ஒரு பெண்ணால் முடிகிறது. அந்த அட்டையை வாங்கத்தான் முடியாது!

கேட்டவர் இல்லாமலில்லை. மெக்சிகோவின் மரிபெல் டொமிங்கெஸ் கேட்டார். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தன் நாட்டுக்காக ஆடிய முன்கள வீராங்கனை. அந்த ஆண்டு டிசம்பரில், மெக்சிகோ ஆண்கள் இரண்டாம் டிவிஷனில் இருந்த செலாயா கிளப் அவரோடு ஒப்பந்தம் போட்டது. மெக்சிகோ சங்கம் ஃபிஃபாவிடம் விளக்கம் கேட்டது. பதில் சில நாள்களில் வந்தது: ஆண்கள் கால்பந்தும் பெண்கள் கால்பந்தும் தெளிவாகப் பிரிந்தே இருக்க வேண்டும். அவ்வளவுதான். டொமிங்கெஸ் எத்தனை வினாடியில் ஓடுகிறார், பந்தை எப்படிக் காலில் வைத்துக்கொள்கிறார், முட்டி மோதினால் நிற்பாரா என்று யாரும் பார்க்கவில்லை. அடுத்த ஆண்டு அவர் பார்சிலோனா பெண்கள் அணிக்குப் போனார்.

செலாயா ஒப்பந்தத்துக்கு ஓராண்டு முன்பு இத்தாலியில் வேறொரு கூத்து. பெருஜியா கிளப்பின் தலைவர் லூச்சானோ கவுச்சி, ஜெர்மனியின் பிர்கிட் பிரின்ஸை ஆண்கள் அணிக்கு அழைத்தார். பிரின்ஸ் சாதாரண ஆள் இல்லை. 2003 உலகக் கோப்பையை வென்ற அணியின் நட்சத்திரம், அந்தப் போட்டியின் சிறந்த வீராங்கனை. ஆனால் அழைத்தவரின் யோக்கியதையையும் பார்க்க வேண்டும். அதே ஆண்டில் லிபியத் தலைவர் கடாஃபியின் மகனையும் இதே கவுச்சிதான் அணியில் சேர்த்திருந்தார். கேமராக்களை வரவழைப்பதில் மனிதர் கெட்டிக்காரர். பிரின்ஸ் யோசித்துப் பார்த்துவிட்டு மறுத்தார். ஊர் பார்க்கக் காட்சிப்பொருளாகப் பெஞ்சில் உட்கார அவருக்கு விருப்பமில்லை.

கதவைத் திறந்து வை என்பது ஒரு கோரிக்கை. விளம்பரத்துக்காக ஒரு பெண்ணை உள்ளே இழுத்துக்கொண்டு வா என்பது வேறு. ஆண்கள் லீக்கில் பெண்கள் ஆடலாமா என்ற விவாதம் எழும்போதெல்லாம் இந்த இரண்டும் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன.

உடல் பற்றிய பேச்சை மழுப்பத் தேவையில்லை. 100 மீட்டரில் ஆண்கள் உலக சாதனை 9.58 வினாடி, பெண்களுடையது 10.49. பருவம் எய்தும் வயதில் ஆண் உடலில் டெஸ்டோஸ்டிரோன் ஏறுகிறது. உயரமும் தசையும் எலும்பின் கனமும் கூடுகின்றன. இடைவெளி அங்கிருந்து தொடங்குகிறது. 2016-ல் ஆஸ்திரேலியப் பெண்கள் தேசிய அணி, நியூகாசில் ஜெட்ஸ் கிளப்பின் பதின்வயதுப் பையன்களிடம் 0–7 என்று தோற்றது. அடுத்த ஆண்டு அமெரிக்கப் பெண்கள் அணி, எஃப்.சி. டாலஸின் 15 வயதுக்குட்பட்ட அணியிடம் 2–5. இரண்டுமே பயிற்சி ஆட்டங்கள். ஆளை மாற்றி மாற்றி இறக்கிச் சோதித்துப் பார்க்கும் நேரம். ஆனாலும் உலகத் தரத்தில் இருந்த அணிகள்தானே, மறுக்க முடியாது.

ஆகவே, இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) அணி ஒன்றின் முதல் பதினொருவரில் நாளையே ஒரு பெண் இடம்பிடிப்பார் என்று சொல்வது ஆசையில் பேசுவது. நடக்கும் காரியமாகத் தெரியவில்லை. ஆனால் கேள்வி அங்கேதான் திரும்புகிறது. யாராலும் ஏற முடியாத மதில் என்றால், அதன் மேல் முள்கம்பி எதற்கு? திறமை போதாது என்றால் பயிற்சியாளர் எடுக்கமாட்டார், கதை முடிந்தது. ஆண்களிலேயே லட்சத்தில் ஒருவனைத்தான் எடுக்கிறார். அவர் செய்ய வேண்டிய வேலையைச் சட்டம் ஏன் முன்கூட்டியே செய்ய வேண்டும்?

சதுரங்கத்தில் இந்த முடிச்சை அவிழ்த்துவிட்டார்கள். அங்கே ‘ஆண்கள் பிரிவு’ என்று ஒன்று கிடையாது. பொதுப் பிரிவு உண்டு, பெண்கள் பிரிவு உண்டு. சென்னையின் வைஷாலி 2023 டிசம்பரில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அது ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே அளவுகோல் உள்ள பட்டம். பெண்கள் போட்டிகளிலும் ஆடுகிறார், பொதுப் போட்டிகளிலும் ஆடுகிறார். முட்டி மோதாத ஆட்டம் அது என்பார்கள். சரி, முட்டி மோதும் ஆட்டத்துக்கே வருவோம்.

நெதர்லாந்தில் எலன் ஃபொக்கெமா என்ற பெண், ஃபோவாருட் என்ற சிறிய கிளப்பில் ஐந்து வயதிலிருந்து பையன்களோடு ஆடிவந்தார். 19 வயதானதும் விதி குறுக்கே வந்தது: இனி ஆண்கள் முதல் அணியில் சேர முடியாது. கூட ஆடிய பையன்கள் எல்லாரும் முதல் அணிக்குப் போக, அவர் மட்டும் வெளியே. கிளப் விடவில்லை, டச்சு சங்கத்துக்கு மனு கொடுத்தது. 2020-ல் சங்கம் சோதனை முயற்சியாக அனுமதித்தது. அவர் ஆடியது ஒன்பதாம் அடுக்கு, கிராமத்து அமெச்சூர் லீக். அதே ஆண்டில் ஜப்பானின் யூகி நகசதோ, 2011-ல் உலகக் கோப்பை வென்ற வீராங்கனை, கனகாவா மாகாணத்தின் ஆண்கள் இரண்டாம் டிவிஷன் அணியான ஹயபுசா இலெவனில் சேர்ந்தார். அவருடைய அண்ணன் ஆடிய அணி. சின்ன வயதில் அண்ணனோடு ஆடிப் பழகியவர், முப்பது வயதைத் தாண்டி மறுபடியும் அங்கே.

கவனித்தால், மாற்றம் நடந்த இடங்கள் எல்லாம் அடிமட்டத்தில் இருக்கின்றன. கோடிகள் புரளும் லீக்குகளில் இல்லை. இந்த விவாதத்தின் உயிரும் அங்கேதான் என்பதற்கு, ஐரோப்பா வரை போகாமல் கன்னிவாடி வரை வந்தாலே போதும்.

திண்டுக்கல்லுக்கு மேற்கே, ஆடலூர், பன்றிமலைக்கு ஏறும் மலைகளின் அடிவாரத்தில் இருக்கிறது கன்னிவாடி. ஒரு காலத்தில் பாளையம், பிறகு ஜமீன், இப்போது பேரூராட்சி. இப்படியான ஊரில் ஒரு பெண் குழந்தை கால்பந்து கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் வழி ஒன்றுதான்: அண்ணன்களின் ஆட்டத்துக்குள் நுழைவது. முதலில், “கோலிக்கு ஆள் இல்ல, நீ போய் நில்லு பாப்பா.” இரண்டு செங்கல், நடுவில் அவள். நாலைந்து பந்தைப் பாய்ந்து பிடித்துவிட்டால் மறுநாள் பேக். அதற்கடுத்த மாதம் அவளைத் தன் பக்கம் இழுக்க இரண்டு தரப்பும் சண்டை போடும். இதெல்லாம் ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு வரை. பிறகு ஒரு நாள் வீட்டிலிருந்து குரல் வரும்: “பெரிய பிள்ளையாயிட்ட, பயலுகளோட என்னடி பந்து?”

வீடு சொல்வதை அப்படியே வழிமொழிவது போலத்தான் போட்டி விதிகளும் இருக்கின்றன. பள்ளிகளுக்கிடையிலான குறுவட்டப் போட்டியில் 14 வயதுக்குட்பட்டோர் பிரிவு என்றால் ஆண்கள் தனி, பெண்கள் தனி. பெண்கள் அணி என்று பெயர் கொடுக்க வேண்டுமானால் பதினொரு பேராவது வேண்டும். கபடிக்கும் கோ-கோவுக்கும் பெண்கள் சேர்ந்துவிடுவார்கள். ஒரு சின்ன ஊர்ப் பள்ளியில் கால்பந்துக்கு நான்கு பேர் தேறினால் பெரிது. அந்த நான்கு பேரும் அந்த ஆண்டு ஆடமாட்டார்கள். அடுத்த ஆண்டு அவர்களில் இருவர் ஓட்டப்பந்தயத்துக்குப் போய்விடுவார்கள். பி.இ.டி. ஆசிரியரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. நான்கு பேரை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

ஊரில் நடக்கும் எழுவர் கால்பந்துப் போட்டியையும் சொல்ல வேண்டும். நுழைவுக் கட்டணம், சுழற்கோப்பை, பரிசுத் தொகை, ஃப்ளெக்ஸ் பேனரில் உபயதாரர் படம், மைக்செட் வர்ணனை எல்லாம் உண்டு. பெண்கள் வரும் இடம் என்றால் பரிசளிப்பு விழாவில் தாம்பாளம் ஏந்தும் இடம். மிஞ்சிப்போனால் இறுதிப் போட்டிக்கு முன்னால் இருபது நிமிடக் காட்சிப் போட்டி.

இந்தியாவின் பெரிய வீராங்கனைகளைக் கேட்டுப் பாருங்கள், ஏறக்குறைய எல்லாரும் பையன்களோடு ஆடித்தான் வளர்ந்தார்கள். மணிப்பூரின் பெம்பெம் தேவி, சிறு வயதில் பையன்கள் ஆட்டத்தில் சேர்வதற்காகத் தன் பெயரையே மாற்றிச் சொன்னார், ‘போபோ’ என்றும் ‘அம்கோ’ என்றும். பின்னாளில் அர்ஜுனா விருதும் பத்மஸ்ரீயும் அந்தப் பெயரிலா வந்தன, சொந்தப் பெயரில்தான். பஞ்சாபின் மனிஷா கல்யாண் பள்ளி மைதானத்தில் பையன்களுக்கு நடுவே ஒற்றைப் பெண்ணாக ஆடியவர். 2021 நவம்பரில் பிரேசிலுக்கு எதிராக கோல் அடித்தார். அடுத்த ஆண்டு சைப்ரஸின் அப்போலோன் அணிக்குப் போய், ஐரோப்பிய பெண்கள் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடிய முதல் இந்தியர் ஆனார்.

இங்கிலாந்தில் இதே பிரச்சினை நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1978-ல் 12 வயது தெரசா பென்னட், பையன்கள் அணியில் ஆடத் தடை போட்ட கால்பந்து சங்கத்தின் மீது வழக்குத் தொடுத்தார். கீழ் நீதிமன்றத்தில் வென்றார், மேல்முறையீட்டில் தோற்றார். பலத்தை முன்வைத்த சங்கத்தின் வாதம், பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் பொருந்தும் என்று டென்னிங் பிரபு உள்ளிட்டோர் முடிவு செய்தார்கள். அந்த வயதில் பெண் பிள்ளைகள் பலர் பையன்களைவிட உயரமாக நிற்பதை எந்த வகுப்பறையிலும் பார்க்கலாம். பிறகு அதே சங்கம் வயது வரம்பைப் படிப்படியாக ஏற்றி, இன்று 18 வயது வரை கலப்பு ஆட்டத்தை அனுமதிக்கிறது. பெண்கள் ஆட்டத்துக்குத் தன் உறுப்புக் கிளப்புகளின் மைதானங்களையே 1921-ல் மூடிய சங்கம் இது. அதற்கு முந்தைய ஆண்டு கிறிஸ்துமஸ் மறுநாளில், டிக் கெர் பெண்கள் அணியின் ஆட்டத்துக்கு லிவர்பூலின் குடிசன் பார்க்கில் 53,000 பேர் திரண்டதுதான் கண்ணை உறுத்தியது போலும். தடை நீங்க ஐம்பது ஆண்டு ஆயிற்று.

இந்தியாவிலும் ஒரு தொடக்கம் இருக்கிறது. 2018-ல் அகில இந்திய கால்பந்து கூட்டமைப்பு தொடங்கிய ‘கோல்டன் பேபி லீக்’ போட்டிகளில் சிறுவர் சிறுமியர் ஒரே அணியில் ஆடலாம். நல்ல திட்டம். ஆனால் அது முடிகிற வயதில்தான் வீட்டுக் குரல் தொடங்குகிறது.

இதையெல்லாம் தாண்டியும் தமிழ்நாட்டுப் பெண்கள் சாதித்திருக்கிறார்கள் என்பதுதான் வியப்பு. 2018 பிப்ரவரியில் கட்டாக்கில், தேசிய சாம்பியன்ஷிப்பைக் குத்தகைக்கு எடுத்ததுபோல வைத்திருந்த மணிப்பூரை 2–1 என்று வீழ்த்தி, தமிழ்நாடு முதல்முறை பட்டம் வென்றது. 2023-ல் அமிர்தசரஸில் ஹரியாணாவை அதே 2–1 கணக்கில் வென்று மறுபடியும். நடுவில், 2019-ல் மதுரையின் சேது எஃப்.சி. இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸுக்கு எதிராக 3–1. கடலூரில் பயிற்சியாளர் மாரியப்பன் கையில் வளர்ந்த பெண்கள் பலர் மாநில அணிக்கும் தேசிய அணிக்கும் போனார்கள். அந்த ஊர்க்காரரான இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கு ஆடிக்கொண்டே காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டராகவும் இருந்தவர். 2020 ஊரடங்கின்போது பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுச் சென்னைத் தெருக்களில் காக்கியில் நின்றார். ஐஎஸ்எல் வீரர் ஒருவர் பிழைப்புக்காக இன்னொரு வேலை பார்த்ததாகக் கேள்விப்பட்டதுண்டா?

இங்கேதான் கணக்குப் பேச வேண்டும். 2017-ல் முதல் இந்தியப் பெண்கள் லீக்கின் இறுதிச் சுற்று டெல்லியில் ஆறு அணிகளோடு ஜனவரி 28-ல் தொடங்கி பிப்ரவரி 14-ல் முடிந்துவிட்டது. லீக் என்று பேர், நடந்தது மூன்று வாரத்துக்கும் குறைவு. வீட்டு மைதானம், எதிரணி மைதானம் என்று முறைப்படி நடக்க 2023–24 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது ஏழு அணிகள், ஆளுக்குப் பன்னிரண்டு ஆட்டம். 2024–25-ல் எட்டு அணிகள், பதினான்கு ஆட்டம். அதே பருவத்தில் ஐஎஸ்எல் அணி ஒன்றுக்கு லீக் சுற்றில் மட்டும் 24. பெண்கள் லீக்கின் முதல் நிலை கிளப்புகளில் வீராங்கனைக்குக் குறைந்தபட்ச ஆண்டு ஒப்பந்தம் ரூ.3.2 லட்சம் என்று கூட்டமைப்பு முடிவு செய்ததே 2023-ல்தான். மாதத்துக்கு இருபத்தேழாயிரத்துக்கும் கீழே.

ஆண்கள் லீக்கில் பெண்களைச் சேர்ப்பதற்கு எதிரான வலுவான வாதம் உடல்பலம் அல்ல, இதுதான். பதினான்கே ஆட்டம் உள்ள லீக்கிலிருந்து ஆகச் சிறந்த இருவரை ஆண்கள் அணிக்குக் கொண்டுபோனால், மிச்சமிருக்கும் லீக்குக்கு யார் டிக்கெட் எடுப்பார்கள், யார் விளம்பரம் தருவார்கள்? அந்த இருவரும் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். பெண்கள் கால்பந்து தன் காலில் நின்ற நாள்களும் உண்டு. 1975-ல் தனியாகத் தொடங்கிய இந்தியப் பெண்கள் கால்பந்து சம்மேளனத்தின் காலத்தில்தான் 1980-ல் கோழிக்கோட்டிலும் 1983-ல் பாங்காக்கிலும் பெண்கள் ஆசியக் கோப்பையின் இறுதிவரை இந்தியா போனது. பிறகு நிர்வாகம் அகில இந்தியக் கூட்டமைப்பிடம் போய், நீண்ட இருட்டு. 2025 ஜூலை 5 அன்று சியாங் மாயில் சங்கீதா பாஸ்ஃபோரின் இரண்டு கோல்களில் தாய்லாந்தை 2–1 என்று வென்று, தகுதிச் சுற்று வழியாகவே 2026 ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தபோதுதான் பழைய வெளிச்சம் திரும்பியது. தனி லீக் வேண்டும், அது நீளமாகவும் சம்பளத்தோடும் வேண்டும். அதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

ஆனால் தனி லீக் வலுப்படுவதற்காக இன்னொரு கதவைப் பூட்டித்தான் வைக்க வேண்டுமென்பதில்லை. ஆண்கள் போட்டியைப் பொதுப் போட்டி என்று எழுதிவிட்டால், நடுவர்களுக்குச் செய்தது போலத் தகுதியை மட்டும் பார்க்கலாம். ஐஎஸ்எல்லில் அதனால் பத்தாண்டுக்கு ஒன்றும் மாறாது. மாறுவது மாவட்ட லீக்குகளின் கீழ் டிவிஷன்களில், எழுவர் போட்டிகளில், குறுவட்டத்தில். பதினொருவர் தேறாத ஊரில் மிஞ்சியிருக்கும் அந்த நான்கு பேருக்கு அங்கே இடம் கிடைக்கும்.

குறுவட்டப் போட்டிக்கான விதிகளில் ஒரு வரி போதும்: பெண்கள் கால்பந்து அணி இல்லாத பள்ளியின் மாணவி, 14 வயதுக்குட்பட்ட ஆண்கள் அணியில் பதிவு செய்துகொள்ளலாம். கூடவே சில ஏற்பாடுகள் வேண்டும். மைதானத்தில் உடை மாற்ற மறைவிடம், பூட்டக்கூடிய கழிப்பறை, அணியோடு போக ஒரு ஆசிரியை, ஆட்டம் முடிந்து திரும்பப் பேருந்து கிடைக்கிற நேரத்தில் அட்டவணை. ‘அடிபட்டால் யார் பொறுப்பு?’ என்ற கேள்வி பெற்றோர் கூட்டத்தில் கட்டாயம் வரும். பையன்களுக்கு அடிபட்டால் இப்போது யார் பொறுப்போ அவர்களேதான். அதே சம்மதக் கடிதம், அதே முதலுதவிப் பெட்டி, அதே பி.இ.டி. ஆசிரியர்.